யானை நடக்கும் வழியில் நமக்கொரு கட்டில்

கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, இருட்டிக்கொண்டு வரும் நேரம். மசினகுடி கடைவீதியில் ஒரு தேநீர்க் கடை முன்னால் நின்றிருந்தேன். சேலம் பதிவெண் போட்ட கார் ஒன்று வந்து நின்றது. பின்இருக்கையில் இரண்டு குழந்தைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பாட்டி, மடியில் பிஸ்கட் பொட்டலம். இறங்கி வந்தவர் கடைக்காரரிடம், “அண்ணா, இங்க ரூம் கிடைக்குமா?” என்று கேட்டார். ஊட்டியில் எங்கும் இடமில்லையாம். யாரோ சொன்னதைக் கேட்டு, கூடலூர் வழியாகச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்திருக்கிறார்கள். கடைக்காரர் பதில் சொல்வதற்குள் இருசக்கர வாகனத்தில் ஓர் இளைஞர் பக்கத்தில் வந்து நின்றார். “ரூம் வேணுங்களா சார்? உள்ள ஒரு காட்டேஜ் இருக்கு. கேம்ப் ஃபயர் போட்டுத் தருவாங்க. ராத்திரி பால்கனியில நின்னாலே யானை தெரியும்.” காருக்குள் இருந்த அம்மாவின் முகத்தில் தயக்கம். “பாதுகாப்பா இருக்குமா தம்பி?” “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க அக்கா.”

இருசக்கர வாகனத்தின் சிவப்பு விளக்கைப் பின்தொடர்ந்து கார் மண்பாதையில் இறங்கி மறைந்தது.

அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு வேண்டியது ஒரு கூரையும் நான்கு தலையணைகளும்தான். அந்த இளைஞரின் மேலும் கோபம் வரவில்லை. ஓர் அறையைப் பிடித்துக் கொடுத்தால் கிடைக்கிற சிறு தொகையில் அவர் வீட்டு அடுப்பு எரியும். இருந்தும் அந்த மண்பாதை எங்கே போகிறது என்பது தெரிந்தவனுக்கு அன்று இரவு சரியாகத் தூக்கம் வராது. மலையில் ஒரு தேசியப் பூங்காவைப் பார்க்கப் போகிறவர் இரவு எங்கே தங்குகிறார் என்பதை அவரவர் சொந்த விஷயம் என்றே இதுவரை விட்டுவைத்திருக்கிறோம். அப்படி விட்டது தவறு என்று நான் நினைக்கிறேன். ரயிலில் எங்கே உட்காருவது, அணையில் எங்கே குளிப்பது என்பதைப்போல இதுவும் ஒரு பொது விஷயம்.

ஏன் என்பதற்கு வரைபடத்தைக் கொஞ்சம் பார்த்தால் போதும். தெற்கே நீலகிரி ஒரு சுவரைப்போல எழுகிறது. கல்லட்டிச் சாலை அதில் ஏற 36 கொண்டை ஊசி வளைவுகள் போட வேண்டியிருக்கிறது. வடக்கே மாயாறு ஆழமான பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு கிழக்கே ஓடி, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. இந்தச் சுவருக்கும் அந்தப் பள்ளத்துக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மேட்டுநிலம்தான் சீகூர். மேற்கே முதுமலை, கிழக்கே சத்தியமங்கலம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கும் நடுவே யானைகள் போய்வர இயற்கை விட்டுவைத்த வாசல் இது. வளர்ந்த யானை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிலோ தீவனம் வேண்டும். நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் காடும் தாங்காது, யானையும் பிழைக்காது. மழைக்கும் வறட்சிக்கும் ஏற்ப அது நடந்துகொண்டே இருக்க வேண்டிய உயிர். குட்டிகளோடு போகும் கூட்டம் செங்குத்துச் சரிவையும் பள்ளத்தையும் தவிர்த்து இந்த மேட்டுநிலத்தின் வழியாகத்தான் நடக்கும். மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம், மாவனல்லா, சிங்காரா என்று நாம் கைப்பேசியில் அறை தேடும் ஊர்ப்பெயர்கள் அத்தனையும் இந்த ஒடுங்கிய நிலத்துக்குள்தான் இருக்கின்றன.

வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரைக் குறை சொல்லும் நிலைதான் நம்முடையது.

2021 ஜனவரியின் ஒரு வாரத்தை நாம் மறக்கக் கூடாது. காதில் பெரும் காயத்தோடு ரத்தம் வழிய மசினகுடிப் பகுதியில் அலைந்துகொண்டிருந்த ஆண் யானை ஒன்றை வனத்துறையினர் பிடித்து, முதுமலையின் தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் 19ஆம் தேதி அது இறந்துபோனது. லாரியில் கிடந்த அதன் துதிக்கையைப் பிடித்துக்கொண்டு வனப் பணியாளர் ஒருவர் கதறி அழுத காட்சியை நாடே பார்த்தது. அடுத்த சில நாட்களில் வெளிவந்த காணொளியில் காரணம் தெரிந்தது. தங்கும் விடுதி ஒன்றின் அருகே வந்த அந்த யானையின் மேல் எரியும் டயரைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். டயர் காதில் மாட்டிக்கொள்ள, தீயோடு அது ஓடுகிறது. அதே வாரம், 23ஆம் தேதி இரவு, மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டின் மேப்பாடியில், தனியார் விடுதி ஒன்றின் வளாகத்தில் போடப்பட்ட கூடாரத்தில் தங்கியிருந்த இளம் ஆசிரியை ஒருவரைக் காட்டு யானை கொன்றது. அந்த விடுதிக்கு முறையான உரிமம்கூட இல்லை என்பது அதற்குப் பிறகுதான் பேசப்பட்டது.

நான்கு நாள் இடைவெளியில் ஒரு யானை, ஒரு பெண். யானைக்காகப் பேசியவர்கள் ஒரு பக்கமும் மனித உயிருக்காகப் பேசியவர்கள் இன்னொரு பக்கமும் நின்றார்கள். இரண்டு சாவுக்கும் காரணம் ஒன்றே என்று அன்று உரக்கச் சொன்னவர்கள் குறைவு. படுக்கை போடக் கூடாத இடத்தில் படுக்கை போடப்பட்டிருந்தது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. சீகூர் யானை வழித்தடத்தைத் தமிழ்நாடு அரசு 2010இல் அறிவிக்கை செய்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. விடுதி உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2018இல் பல விடுதிகளுக்கு முத்திரை வைக்க உத்தரவு வந்தது. 2020 அக்டோபர் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்று இறுதியாகச் சொல்லி, நில உரிமையாளர்களின் குறைகளைக் கேட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. பத்தாண்டு வழக்கு. பூட்டப்பட்ட கதவுகள் பல. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை மாலை இருசக்கர வாகனத்தில் ஆள் வந்து நிற்கிறார் என்றால், நீதிமன்றத்தால் அறையைத்தான் பூட்ட முடிந்திருக்கிறது, அறை கேட்டு வருகிறவர்களின் வரிசையை ஒன்றும் செய்ய முடியவில்லை என்று அர்த்தம். அந்த வரிசையில் நிற்பது நீங்களும் நானும்.

மசினகுடிக்காரர்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் அவர்களைக் காட்டின் எதிரிகளாகச் சித்திரிப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். சிங்காராவில் பைக்காரா மின்நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. மாயாறு மின்நிலையம் 1950களில் வந்தது. அந்தத் திட்டங்களின் வேலைக்கு வந்து மண் சுமந்து, கல் உடைத்து, அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் பல. நம் ஊர்களில் விளக்கு எரிந்ததில் அவர்கள் பங்கு உண்டு. அவர்களுக்கு முன்பிருந்தே இருளரும் குறும்பரும் அந்த மண்ணில் வாழ்கிறார்கள். மின் வேலை முடிந்தது, மாடு மேய்ப்பது குறைந்தது, மிஞ்சியது சுற்றுலா. ஜீப் ஓட்டுகிறவர், விடுதியில் சமைக்கிறவர், படுக்கை விரிப்பு துவைக்கிறவர் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இதை நம்பி இருக்கிறார். “காட்டைக் காப்பாற்று, நீ பட்டினி கிட” என்று எந்த நாகரிக சமூகமும் ஒரு ஊரிடம் சொல்ல முடியாது. வழித்தடத்தை விட்டுக் கொடுக்கச் சொல்கிற அரசு, அவர்களுக்கு வேறு வருமானத்தையும் கையில் எடுத்துக்கொண்டுதான் அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இனி நம் பக்கம். அறை பதிவு செய்யத் தொலைபேசியில் அழைக்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று விடுதிகளில் வேலை பார்க்கும் சிலரிடம் விசாரித்திருக்கிறேன். முதல் கேள்வி வாடகை. இரண்டாவது, கேம்ப் ஃபயர் உண்டா. மூன்றாவது, நைட் சஃபாரி கூட்டிப்போவீர்களா. உரிமம் இருக்கிறதா, இடம் வழித்தடத்துக்குள் வருகிறதா, குப்பையை எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்டவர் ஒருவர்கூட அவர்கள் நினைவில் இல்லை. இரவில் காட்டுக்குள் வாகனத்தில் விலங்கு பார்க்கப் போவதற்கு அனுமதி கிடையாது. வனத்துறை நடத்தும் வாகனச் சுற்று பகலோடு முடிந்துவிடும். “நைட் சஃபாரி” என்று யாராவது அழைத்துப்போனால், அது சட்டத்தை மீறித்தான். தூங்கும் காட்டின் முகத்தில் விளக்கடித்து எழுப்புகிற வேலை அது. காட்டு விலங்கைச் சீண்டக் கூடாது, குப்பை போடக் கூடாது என்று 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆபத்து விளைவிக்கும்படி தீ மூட்டுவதையும் அது தடுக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் சீகூர்ப் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும், புல்லும் உண்ணிச்செடியும் காய்ந்து வத்திக்குச்சியாக நிற்கும். ஒரு பொறி போதும். 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதைப் பார்த்த பிறகும் காட்டோரத்தில் விறகடுக்கித் தீ வளர்த்துப் பாட்டுப் போடுகிறோம் என்றால், எதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?

கூடாரத்தில் தங்குவதை நான் வெறுப்பவனில்லை. திறந்த வானத்தின் கீழே படுத்து விண்மீன் பார்ப்பதில் ஒரு பெரிய ஆனந்தம் இருக்கிறது. குழந்தைகளுக்கு அது வேண்டும். நம் தேசியப் பூங்காக்களுக்குள் பொதுமக்கள் தாமாகக் கூடாரம் போட வழியில்லை; யானையும் புலியும் சிறுத்தையும் ஒன்றாக நடமாடும் காட்டில் அது சரியான முடிவு. ஆனால் ஆசையை அடக்கிவிட்டால் அது மறைந்துவிடாது. அனுமதிக்கப்பட்ட இடம் இல்லாதபோது அனுமதியில்லாத இடத்துக்கு அது போகும். பூங்காவின் எல்லைக்கு அரை கிலோமீட்டர் தள்ளி, பட்டா நிலத்தில் நான்கு கூடாரம் போட்டு ‘ஜங்கிள் கேம்பிங்’ என்று விளம்பரம் செய்வது அப்படித்தான் முளைத்தது. எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று யானைக்கு யார் சொல்வது?

அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கூடாரத் தங்கல் பெரிய அளவில் நடக்கிறது. அங்கே கரடிகள். 1998இல் மட்டும், உணவு வாடைக்கு வந்த கரடிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சம்பவங்களில் கார்களின் கதவுகளையும் கண்ணாடிகளையும் பெயர்த்து எறிந்தன. மனிதச் சோற்றுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டி வரும். பூங்கா நிர்வாகம் ஒவ்வொரு கூடாரத் திடலிலும் இரும்புப் பெட்டிகளைப் பதித்தது. உணவு மட்டுமில்லை, பற்பசை, சோப்பு என வாடை உள்ள எல்லாவற்றையும் அதற்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்று விதி செய்தது. மீறினால் அபராதம். சம்பவங்கள் பல மடங்கு குறைந்தன. இதில் என்னைக் கவர்ந்தது பெட்டியைவிட அதன் பின்னால் இருந்த ஏற்பாடு. பெட்டியை நிர்வாகம் கொடுத்தது, பூட்டியது வந்து தங்கியவர், பலன் கரடிக்கு. பெட்டியே கொடுக்காமல் பூட்டவில்லை என்று திட்டியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பெட்டியைக் கொடுத்த பிறகும் யாரும் பூட்டாமல் போயிருந்தாலும் அப்படித்தான்.

நம் பெட்டி எது என்று யோசித்தால், எனக்குத் தோன்றுவது இ-பாஸ்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் கட்டினார்கள். வணிகர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. சாலையில் வண்டிகளை எண்ணுவதோடு இது நின்றுவிட்டால் வீண் சிரமமாகத்தான் முடியும். எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்கிற அதே படிவம் இன்னொன்றையும் கேட்கட்டும். பதிவு பெற்ற தங்குமிடங்களின் பட்டியலை வட்டாரவாரியாக அதில் காட்டட்டும். எந்த அறை யானை வழித்தடத்துக்கு வெளியே, எது வனத்துறையுடையது, எது உள்ளூர்க் குடும்பம் நடத்தும் வீடு என்று தெரியும்படி ஒரு குறி இருக்கட்டும். ஊட்டி நிரம்பிவிட்டால், கூடலூரில் இத்தனை கட்டில் மிச்சம் என்று பாஸ் எடுக்கும்போதே காட்டட்டும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இப்படியே. பட்டியலில் இல்லாத இடத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் மேல் நடவடிக்கை எடுப்பதற்கு அதன் பிறகுதான் அரசுக்குத் தார்மிக உரிமை வரும்.

வனத்துறைக்கே தெப்பக்காடு, கார்குடி, மசினகுடி, அபயாரண்யம் ஆகிய இடங்களில் தங்கும் விடுதிகள் உண்டு. இணையத்தில் பதிவு செய்யலாம். எண்ணிக்கை சொற்பம். அதைக் காட்டுக்குள் மேலும் பெருக்கச் சொல்ல மாட்டேன். பெருக்க வேண்டியது கூடலூரிலும் ஊட்டியிலும், நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற விலையில். கூடவே காலை முதல் வாகனச் சுற்றுக்குத் தெப்பக்காட்டில் கொண்டுபோய் விடுகிற, மாலையில் திருப்பிக் கூட்டி வருகிற பேருந்து வேண்டும். காட்டுக்குள் தூங்காமல் காட்டைப் பார்க்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் நடைமுறையில் சாத்தியமாகும். 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தினார்கள். குரங்கணிக்குப் பிறகு எல்லாவற்றையும் மூடிவிடுவது எளிதாக இருந்திருக்கும். ஒழுங்கோடு திறந்தார்கள். தங்குமிடத்திலும் அந்தத் துணிவு வேண்டும். வழித்தடத்தில் அறை இழந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தப் புதிய ஏற்பாட்டில் முதல் வேலை கிடைக்க வேண்டும்.

விடுதி நடத்துகிறவர்களில் நேர்மையாக நடத்துகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. விருந்தினர் கேட்டாலும் தீ மூட்ட மறுப்பவர்கள், இரவில் வெளி விளக்கை அணைத்துவிடுபவர்கள், மிச்சச் சோற்றைத் திறந்த குழியில் கொட்டாதவர்கள். விலங்கு வந்து நிற்கட்டும் என்று உப்புக்கட்டி வைக்கிற பக்கத்து விடுதியால் நஷ்டப்படுவது இவர்கள்தான். அவர்களே ஒன்றுகூடி ஒரு பொது நெறியை எழுதி வாசலில் மாட்டினால், எந்த அதிகாரியும் சாதிக்காததைச் சாதிப்பார்கள்.

பயணிக்கு நான் சொல்ல விரும்புவது பெரிய தியாகம் எதையும் இல்லை. கையில் அறை உறுதியாகாமல் மலைக்குக் கிளம்பாதீர்கள், முக்கியமாகக் கோடையிலும் தொடர் விடுமுறையிலும். பந்திப்பூர், முதுமலை வழியே போகும் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. 2009 முதல் இருக்கிற விதி இது. அதைக் கணக்கில் வைக்காமல் மைசூரிலிருந்து மாலையில் கிளம்பி, வாயிலில் மாட்டிக்கொண்டு, காட்டோரத்தில் காரை நிறுத்தித் தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிக்குத் தடை. குடிநீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள்; எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். அறை பேசும்போது பதிவு எண்ணைக் கேளுங்கள். நேரில் கேட்கத் தயங்கினால் குறுஞ்செய்தியில் கேளுங்கள். ஒரு விடுதிக்கு ஒரே நாளில் பத்துப் பேர் அதைக் கேட்டால், பதினோராவது ஆள் கேட்பதற்குள் அவர்கள் அதைச் சுவரில் எழுதி வைத்துவிடுவார்கள். யானை தெரியும் என்று ஆசை காட்டுகிற இடத்தைவிட, யானை வராத இடம் என்று சொல்லும் இடத்தை எடுங்கள். ராத்திரி வெளியே போக வேண்டாம் என்று விடுதிக்காரர் சொன்னால் அவரிடம் வாதாடாதீர்கள். அவர் உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறார்.

அன்றைக்கு அந்தத் தேநீர்க் கடைக்காரர், கார் போன திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கூடலூர்லயே யாராச்சும் சொல்லியிருந்தா அங்கயே தங்கியிருப்பாங்க சார். இவ்வளவு தூரம் குழந்தைங்கள இழுத்துட்டு வந்திருக்க வேண்டாம்.” கூடலூரிலிருந்து தெப்பக்காடு அரை மணி நேரப் பயணம். அடுத்த கோடைக்கு முன்பு இ-பாஸ் படிவத்தில் அந்த ஒரு பட்டியல் சேர்ந்துவிட்டால், அந்தப் பிள்ளைகள் இருட்டுவதற்குள் கூடலூரில் ஒரு கட்டிலில் நீட்டிப் படுத்திருப்பார்கள். காலையில் எழுந்து முதுமலை பார்க்கப் போவார்கள்.